மூன்று நிமிடச் சிவப்பு விளக்கு: யாருடைய கண், யாருடைய கணக்கு?

மேசை மேல் வைக்கிற சின்னப் பெட்டி. பைனாகுலர் மாதிரி இரண்டு துளை. பிள்ளை அதில் முகத்தைப் பதித்து உள்ளே பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரியும். மூன்று நிமிடம் பார்க்க வேண்டும். அப்புறம் குறைந்தது நாலு மணி நேரம் விட்டு இன்னொரு மூன்று நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள். வீட்டிலேயே, அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிடலாம். சொட்டு மருந்து இல்லை, ராத்திரி லென்ஸ் மாட்டிக்கொண்டு தூங்கும் தொல்லை இல்லை. குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறாமல் தடுக்க சீனாவில் பரவிய சிவப்பு ஒளி சிகிச்சை இதுதான்.

இது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். நான் கண் மருத்துவன் இல்லை. எண்களை ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சை சொல்கிற பலன் பொய்யில்லை. பலனை அளந்த அக்கறையோடு தீங்கை யாரும் அளக்கவில்லை என்பதுதான் சிக்கல். அதுவும் எந்த உறுப்பைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு பாடோ, அந்த உறுப்பின் மீதே ஒளி விழுகிற இடத்தில்.

பவர் ஏறுவது என்றால் என்ன?

"பையனுக்குப் பவர் ஏறிடுச்சு" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் ஏறுவது கண்ணின் நீளம். பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மி.மீ. இருக்கும். வளர்கிற வயதில் அது தேவைக்கு மேல் நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. ஒரு மி.மீ. கூடுதலாக நீண்டால் சுமார் இரண்டரை டயாப்டர் பவர் என்பது தோராயக் கணக்கு.

கண்ணாடி பிம்பத்தைச் சரியான இடத்துக்குத் தள்ளிக் கொடுக்கும். நீண்டுபோன கண்ணைக் குறைக்காது. வெறும் மங்கல்தான் பிரச்சினை என்றால் கண்ணாடியோடு கதை முடிந்திருக்கும். ஆனால் கண் நீளும்போது பின்புறத்தில் ஒட்டியிருக்கிற விழித்திரையும் சேர்ந்து இழுபடுகிறது. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் அதன் விலை தெரிய வரும்: விழித்திரை பிய்ந்து விலகுவது, நடுப்பார்வைக்கான மேக்குலா மெலிந்து சிதைவது. இரண்டாவதை எந்தக் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாது.

புல்லிமோர், பிரென்னன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-ல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு டயாப்டர் கூடும்போது கிட்டப்பார்வையால் வரும் மேக்குலா நோய் 67 சதவீதம் கூடுகிறது. திருப்பிச் சொன்னால், ஒரு டயாப்டர் ஏறாமல் தடுத்தால் அந்த ஆபத்து 40 சதவீதம் குறையும். குழந்தைப் பருவத்திலேயே கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கான முழு நியாயமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பின்னால் தேவைப்படும் என்பதால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் காப்பாற்றப் பார்ப்பது மேக்குலாவை.

பலன்: எண்கள் என்ன சொல்கின்றன?

சிவப்பு ஒளியை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது 2022-ல் 'ஆப்தல்மாலஜி' இதழில் வந்த சீன ஆய்வு. ஐந்து மையங்கள், 8 முதல் 13 வயது வரை 264 பிள்ளைகள். ஒரு குழு கண்ணாடி மட்டும் போட்டது. இன்னொரு குழு கண்ணாடியோடு சிவப்பு ஒளியும் பார்த்தது. அலைநீளம் 650 நானோமீட்டர். ஒரு வருடத்தில் கண்ணாடி மட்டும் போட்டவர்களின் கண் சராசரியாக 0.38 மி.மீ. நீண்டது. சிவப்பு ஒளி பார்த்தவர்களுக்கு 0.13 மி.மீ. பவர் கணக்கில் 0.79 டயாப்டருக்கு எதிராக 0.20. அதாவது கண் நீள்வதில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைவு.

இது சின்ன எண் இல்லை. கண் மருத்துவத்தில் இந்த அளவு பலனைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

இந்த ஆய்வில் ஒரு ஓட்டை உண்டு. கண்ணாடி மட்டும் போட்ட குழுவுக்குப் போலிக் கருவி கொடுக்கவில்லை. யார் சிகிச்சை எடுக்கிறார்கள் என்பது வீட்டுக்கே தெரியும். தெரிந்தால் வீட்டுப் பழக்கமும் மாறலாம். டிவி குறையலாம், படிக்கும்போது புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் இந்த ஓட்டையை 2023-ல் இன்னொரு ஆய்வு பெருமளவு அடைத்துவிட்டது. அதில் எதிர்க்குழுவுக்கும் அதே மாதிரிப் பெட்டி, பத்தில் ஒரு பங்கு ஒளியோடு. ஆறு மாதத்தில் உண்மைக் கருவி பார்த்தவர்களின் கண் 0.02 மி.மீ. நீண்டது, போலிக் கருவி பார்த்தவர்களுக்கு 0.13 மி.மீ. ஆக, பெட்டிக்குள் இருக்கிற ஒளி ஏதோ செய்கிறது. "எல்லாம் விளம்பரம்" என்று ஒதுக்கித் தள்ளுவது நேர்மை ஆகாது.

கண் நிஜமாகவே சுருங்கியதா?

விளம்பரங்களில் அதிகம் அடிபடுகிற வாசகம் "கண்ணின் நீளமே குறைகிறது" என்பது. சில பிள்ளைகளுக்கு அளவுகோலில் அப்படித் தெரிந்தது உண்மை. ஆனால் அளவுகோல் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கண்ணின் நீளத்தை அளக்கும் கருவி கருவிழியின் முன்பக்கத்தில் ஆரம்பித்து விழித்திரையின் அடி வரிசை வரைக்கும்தான் அளக்கும். அதற்கும் பின்னால் கோராய்டு என்று ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் உண்டு. சிவப்பு ஒளி பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் படலம் தடிக்கிறது. மெத்தையில் பஞ்சு உப்பினால் மேலே விரித்த துணி மேலெழுகிற மாதிரி, விழித்திரை கொஞ்சம் முன்னால் வருகிறது. அளவுகோல் "நீளம் குறைந்தது" என்கிறது. கண்ணின் வெளிச்சுவர் அப்படியேதான் இருக்கிறது. அளந்த மாற்றம் முழுவதும் இந்த உப்பல்தான் என்று நான் சொல்லவில்லை; ஒரு வருட வித்தியாசத்தை அதை மட்டும் வைத்து விளக்க முடியாது. ஆனால் "சுருங்கியது" என்ற வார்த்தையில் இந்த உப்பலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை விளம்பரம் சொல்வதில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மேலே சொன்ன 2022 ஆய்வின் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை இரண்டாவது வருடமும் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் சிவப்பு ஒளி எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் நிறுத்தியவர்களின் கண் அந்த வருடத்தில் 0.42 மி.மீ. நீண்டது. இரண்டு வருடமும் கண்ணாடி மட்டுமே போட்டவர்களுக்கு அதே வருடத்தில் 0.28 மி.மீ. அதாவது நிறுத்தியதும் கண் வேகம் பிடித்து ஓடியிருக்கிறது. இரண்டு வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் அவர்கள் இன்னும் கொஞ்சம் லாபத்தில்தான் இருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு வருடமும் விடாமல் எடுத்த குழு மிகச் சிறியது. நீண்ட காலப் பலன் என்று நாம் பேசுவதெல்லாம் அந்தச் சின்னக் குழுவின் தோளில்தான் நிற்கிறது.

இதை ஒரு வீட்டின் கோணத்தில் யோசியுங்கள். எட்டு வயதில் ஆரம்பிக்கிறீர்கள். கண் வளர்ச்சி பதினைந்து, பதினாறு வரைக்கும் போகும். நடுவில் நிறுத்தினால் எகிறும் என்று தெரிந்த பிறகு யார் நிறுத்துவார்கள்? "மூன்று நிமிடம்" என்று ஆரம்பித்த விஷயம் ஏழெட்டு வருடக் கடமை ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு நிமிடம், வாரத்துக்கு அரை மணி, வருடத்துக்கு 26 மணி நேரம். அத்தனை நேரமும் அதே கண், அதே இடம், அதே ஒளி.

'ஒளி' என்ற ஒரே சொல்

இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி ஒரு தாவல் தாவுகிறார்கள். "வெளிச்சம் கிட்டப்பார்வையைத் தடுக்கும்னு ஏற்கனவே நிரூபிச்சாச்சு, இது அதோட சுருக்கமான வடிவம்." இந்த வாக்கியத்தின் முதல் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு இல்லை.

முதல் பாதி எப்படி வந்தது? சிட்னியில் கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் வெளியில் அதிக நேரம் இருந்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக இருந்தது. குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. இந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-ல் வந்த அந்தக் கட்டுரையின் முதல் பெயர் மிங்குவாங் ஹே. 2022-ன் சிவப்பு ஒளி ஆய்வுக்குப் பின்னால் இருப்பவரும் அவர்தான். இரண்டு ஒளிகளும் ஒரே ஒளிதான் என்று படிப்பவர்களுக்குத் தோன்றுவதில் இந்த ஒற்றுமைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டமே நடத்துகிறது. அங்கே நடந்த ஆய்வில் சுட்டெரிக்கும் வெயில்கூடத் தேவைப்படவில்லை; 1000 லக்ஸ் அளவு, அதாவது மர நிழலில் கிடைக்கிற வெளிச்சம், போதுமானதாக இருந்தது. வகுப்பறைக்குள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். திறந்த வெளியில் பத்தாயிரத்தைத் தாண்டும்.

அதற்கு ஓரளவு காரணமும் தெரியும். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமைனைச் சுரக்கிறது, அது கண்ணின் வளர்ச்சிக்கு பிரேக் போடுகிறது. கோழிக்குஞ்சுகளுக்கு டோபமைனைத் தடுக்கிற மருந்தைச் செலுத்தினால் வெளிச்சத்தின் பாதுகாப்பு காணாமல் போகிறது. மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு நூல் இருக்கிறது.

சிவப்புப் பெட்டிக்கு அந்த நூலும் இல்லை. விலங்கு ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண். கோழிக்குஞ்சையும் கினிப் பன்றியையும் சிவப்பு வெளிச்சத்தில் வளர்த்தால் கிட்டப்பார்வை கூடுகிறது. அதற்குக் காரணம் சொல்லலாம்: சிவப்பு ஒளி குறைவாக வளைவதால் விழித்திரைக்குப் பின்னால் குவிகிறது, கண் அதை எட்டிப் பிடிக்க நீள்கிறது. ஆனால் ரீசஸ் குரங்கிலும் டிரீ ஷ்ரூ என்ற சின்ன விலங்கிலும் நேர் எதிர். அங்கே சிவப்பு வெளிச்சம் வளர்ச்சியைக் குறைக்கிறது. குரங்கு நமக்குப் பக்கத்துச் சொந்தம் என்று ஆறுதல் அடையலாம். ஆனால் அந்தக் குரங்குகள் சிவப்பு வெளிச்சம் பரவிய சூழலில் நாளெல்லாம் வளர்ந்தவை. லேசர் பெட்டிக்குள் மூன்று நிமிடம் பார்த்தவை அல்ல.

வித்தியாசத்தை இப்படிச் சொல்லலாம். மைதானத்தில் விளையாடுகிற பிள்ளை சூரியனைப் பார்ப்பதில்லை. வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும், எல்லா நிறமும் கலந்து, விழித்திரை முழுக்கப் பரவலாக விழுகிறது. கண் அலைந்துகொண்டே இருக்கிறது. பெட்டிக்குள் பார்க்கிற பிள்ளையிடம் "அசையாதே, நேரா பாரு" என்கிறோம். ஒற்றை நிறம், ஒரே திசை, நேராக உள்ளே. இரண்டையும் 'ஒளி சிகிச்சை' என்று ஒரே தலைப்பில் போடுவது, மழையில் நனைவதையும் குழாயைக் காதுக்குள் திருப்பி விடுவதையும் 'நீர் சிகிச்சை' என்று சொல்வது மாதிரி.

தீங்கைத் தேடிய விதம்

2022 ஆய்வின் முடிவுரையில் கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை, பார்வை இழப்பு இல்லை, ஸ்கேனில் சேதம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 'இல்லை'க்கு எவ்வளவு எடை?

புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று எளிய கணக்கு ஒன்று உண்டு. இத்தனை பேரில் ஒருவருக்கும் ஆகவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆபத்து அதிகபட்சம் அந்த அளவு வரைக்கும் இருக்கலாம். சிகிச்சைக் குழுவில் இருந்தது சுமார் 120 பேர். மூன்றை 120-ஆல் வகுத்தால் நாற்பதில் ஒன்று. அதாவது அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடிந்ததெல்லாம் "நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கு மேல் பாதிப்பு இருக்காது" என்பதுதான். ஆயிரத்தில் ஒருவருக்குப் பார்வை போனாலும் இந்த ஆய்வின் வலையில் அது மாட்டாது. அதைப் பிடிக்க மூவாயிரம் பிள்ளைகளையாவது கவனமாகத் தொடர வேண்டும். பலனைக் காட்ட 264 பேர் தாராளமாகப் போதும். பாதுகாப்பைக் காட்டப் போதாது. ஆனால் கட்டுரைச் சுருக்கத்தில் இரண்டும் ஒரே தொனியில், அடுத்தடுத்த வாக்கியங்களில் வருகின்றன. படிக்கிறவர் மனதில் இரண்டும் ஒரே எடையில் பதிகின்றன.

அடுத்த வருடமே வலையில் ஒன்று மாட்டியது. 2023-ல் 'ஜாமா ஆப்தல்மாலஜி'யில் சீனாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியைப் பற்றிய அறிக்கை வந்தது. ஐந்து மாதம் வீட்டில் சிவப்பு ஒளி பார்த்தாள். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கியது. ஸ்கேனில் இரு கண்ணிலும் விழித்திரையின் நடுப்புள்ளியான ஃபோவியாவில் ஒளியுணரும் செல்களின் வரிசை சிதைந்திருந்தது. சிகிச்சையை நிறுத்திய பிறகு சில மாதத்தில் ஓரளவு தேறினாள், முழுசாக இல்லை. ஒரே ஒரு ஆள்தானே என்று கேட்கலாம். சரிதான், ஒற்றை நிகழ்வு விகிதத்தைச் சொல்லாது. ஆனால் இப்படி நடக்க வழியே இல்லை என்ற வாதத்தை அது முடித்துவைக்கிறது.

2024-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் லிசா ஆஸ்ட்ரின், அலெக்சாண்டர் ஷில் இருவரும் இரண்டு கருவிகளைச் சோதனைச் சாலையில் அளந்தார்கள். இரண்டும் 'வகுப்பு 1' லேசர். அதாவது லேசர் வகைப்பாட்டில் மிகப் பாதுகாப்பான பிரிவு. ஆனாலும் மூன்று நிமிடம் தொடர்ந்து பார்த்தால் விழித்திரைக்கு அனுமதிக்கப்பட்ட அளவை நெருங்குகிறது அல்லது தாண்டுகிறது என்பது அவர்கள் முடிவு. கண்பாவை எவ்வளவு விரிந்திருக்கிறது, கண் எவ்வளவு அசைகிறது என்ற அனுமானங்களைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். அந்த இடத்தில் விவாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அடிப்படை விஷயம் எளிது. பள்ளியில் லேசர் பாய்ண்டரைக் கண்ணில் அடிக்காதே என்று வாத்தியார் திட்டுவார். அது தவறிப் பட்டால் கால் வினாடிக்குள் இமை மூடும், தலை திரும்பும். அந்த அனிச்சைச் செயல்தான் நம் பாதுகாப்பு. பெட்டியின் ஒளி பாய்ண்டரை விடச் சக்தி குறைந்ததுதான். ஆனால் சிகிச்சை என்பதே அந்த அனிச்சைச் செயலை அடக்கிக்கொண்டு 180 வினாடி பார்ப்பது.

2025-ல் இன்னொரு ஆய்வு. சாதாரண ஸ்கேனில் தெரியாத தனித்தனிக் கூம்பு செல்களையே படமெடுக்கிற கருவியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடமாவது சிவப்பு ஒளி எடுத்த பிள்ளைகளுக்கு ஃபோவியாவை ஒட்டிய பகுதியில் கூம்பு செல்களின் அடர்த்தி, எடுக்காதவர்களை விடக் குறைவாக இருந்தது. ஆரம்பத்திலேயே படமெடுத்து வைத்துப் பின்தொடர்ந்த ஆய்வு இல்லை என்பதால் இதுவும் தீர்ப்பு ஆகாது. ஆனால் கவனியுங்கள்: வழக்கமான ஸ்கேனை மட்டும் பார்த்து "சேதம் இல்லை" என்று சொல்லியிருந்த பழைய வாக்கியத்தின் பலத்தை இது குறைக்கிறது. பார்க்கிற கண்ணாடி கரடுமுரடாக இருந்தால் கீறல் தெரியாது.

இன்னொன்று, குழந்தை சொல்லாது. கூம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் எழுத்து அட்டையைப் படிக்கிற திறன் உடனே போய்விடாது. கண்ணில் உபரி நிறைய உண்டு. பத்து வயதில் உபரி கரைந்தால் ஐம்பது வயதில்தான் பற்றாக்குறை தெரியும்.

எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். கிட்டப்பார்வையைத் தடுப்பதன் நோக்கம் ஐம்பது வயதில் மேக்குலாவைக் காப்பாற்றுவது. அதற்காக எட்டு வயதிலிருந்து மேக்குலாவின் மேலேயே தினமும் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறோம். பவர் இரண்டு டயாப்டர் குறைவாக இருந்து, கூம்பு செல்களும் குறைவாக இருக்கிற ஒரு கண், நாற்பது வருடம் கழித்து லாபத்தில் இருக்குமா நஷ்டத்தில் இருக்குமா? இந்த ஒரே கேள்விதான் முக்கியம். அதற்கு விடை சொல்கிற அளவுக்கு ஒரு ஆய்வும் இன்னும் நீளவில்லை. கண்ணின் நீளத்தை நூறில் ஒரு மி.மீ. வரை துல்லியமாக அளந்த அட்டவணைகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி ஒரு தோற்றம் தருகின்றன. தோற்றம் மட்டும்தான்.

வேறு வழியே இல்லை என்றால்கூட இந்தச் சூதாட்டத்துக்கு ஒரு நியாயம் இருக்கும். வழி இருக்கிறது. ஹாங்காங்கில் 438 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. 0.05 சதவீத அட்ரோபின் சொட்டு மருந்து போட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் 0.27 டயாப்டர் ஏறியது. வெறும் சொட்டு போட்டவர்களுக்கு 0.81. அதே ஹாங்காங்கின் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் உருவாக்கிய, ஓரத்தில் சின்னச் சின்ன லென்ஸ்கள் பதித்த கண்ணாடி, இரண்டு வருடத்தில் கண் நீள்வதை 62 சதவீதம் குறைத்தது. அது வெறும் கண்ணாடி. பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைக்கலாம். வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பது சரி. ஆனாலும் தோராயமாகப் பார்த்தால் சிவப்புப் பெட்டி கூடுதலாகத் தருவது பத்து சதவீதப் புள்ளி அளவில் இருக்கலாம். அந்தப் பத்துக்காக ஃபோவியாவைப் பணயம் வைக்க வேண்டுமா?

மறுபக்கத்தையும் சொல்கிறேன். வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் நல்ல பலன் தருகிறது. ஏற்கனவே வந்துவிட்ட பிள்ளைக்கு ஏறும் வேகத்தைக் குறைப்பதில் அதன் பலன் சொற்பம். குவாங்சோ ஆய்விலேயே கண்ணின் நீளத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. சொட்டு மருந்தும் கண்ணாடியும் எல்லாப் பிள்ளைக்கும் கேட்பதில்லை. வருடத்துக்கு ஒன்றரை டயாப்டர் ஏறுகிற, பெற்றோர் இருவருக்கும் கனமான கண்ணாடி இருக்கிற பிள்ளையின் வீட்டில் நான் இருந்தால், மேலே எழுதியதை எல்லாம் படித்த பிறகும் அந்தப் பெட்டியைப் பற்றி விசாரிப்பேன். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குறை சொல்ல வேண்டியது, அந்த ஆசைக்கு "முற்றிலும் பாதுகாப்பானது" என்று பதில் சொல்கிறவர்களை.

சீனா செய்தது

இந்தக் கதையில் ஓரளவு நம்பிக்கை தருகிற பகுதி, கருவி எங்கே பரவியதோ அங்கேதான் கடிவாளமும் விழுந்தது என்பது. இந்தக் கருவிகள் முதலில் சோம்பேறிக் கண் என்கிற பார்வைக் குறைபாட்டுக்காகப் புழக்கத்தில் இருந்தவை. அந்தக் கதவு வழியாகத்தான் கிட்டப்பார்வைக்குள் வந்தன. 2023-ல் சீன மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இவற்றை மூன்றாம் வகுப்பு மருத்துவக் கருவி, அதாவது அதிக ஆபத்துள்ள வகை என்று அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த வகுப்புக்கான பதிவு இல்லாமல் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. மூன்றாம் வகுப்பு என்றால் முறையான மருத்துவ ஆய்வு ஆதாரத்தோடு வர வேண்டும்.

நல்ல முடிவு. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் வீடுகளுக்குள் கருவி போனது, பிறகு ஒரு சிறுமியின் கண், பிறகு சட்டம். அந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

கருவியை விற்கிற நிறுவனத்தோடு ஆய்வாளர்கள் சிலருக்குப் பணத் தொடர்பு உண்டு என்பதைக் கட்டுரைகளே கடைசிப் பக்கத்தில் சொல்கின்றன. சொன்னது முறைதான், சொன்னதால் எண்கள் பொய்யாகிவிடாது. ஆனால் பலனைத் தேடுகிறவருக்கும் தீங்கைத் தேடுகிறவருக்கும் ஒரே ஆர்வம் இருக்காது. தீங்கைத் தேடுகிற வேலையையாவது அந்தத் தொடர்பு இல்லாதவர்களிடம் கொடுக்க வேண்டும்.

என் கருத்து எப்போது மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். சில ஆயிரம் பிள்ளைகள். ஆரம்பத்திலேயே கூம்பு செல்களைப் படமெடுத்து வைத்து, வருடா வருடம் அதே இடத்தைத் திரும்ப எடுத்து, குறைந்தது ஐந்து வருடம். பலன் தருகிற மிகக் குறைந்த ஒளி அளவு எது என்ற தேடல். நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்ற கணக்கு. இவை வந்து செல்கள் பத்திரமாக இருந்தால், பெட்டிக்கு நானே பரிந்து பேசுவேன்.

அதுவரைக்கும் யாராவது அந்தப் பெட்டியை உங்கள் பிள்ளைக்குச் சிபாரிசு செய்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கருவியின் ஒளி அளவை விற்பவர் அல்லாத யாராவது அளந்திருக்கிறார்களா? என் பிள்ளையின் விழித்திரையை ஆரம்பிக்கும் முன் ஸ்கேன் எடுத்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பீர்கள்? எப்போது, எப்படி நிறுத்துவது? மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் அந்த மூன்று நிமிடத்தைக் கொடுக்க வேண்டாம். கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம். சொட்டு மருந்து கேட்கவில்லை என்றால் அளவை மாற்றலாம். போன கூம்பு செல் திரும்ப முளைக்காது.